சவாரி நிலை ஆய்வுப் பிரிவின் ஒரே சைக்கிள்

சாவிக்காரர் கேட்டது ஒரு சீட் உறை. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைப் பார்ப்பவர்கள், இந்த மனிதர் ஏதோ பெரிதாக ஆசைப்பட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று நினைத்துவிடக்கூடும்.

அவர் குடிநீர்த் துறையில் வால்வு திறப்பவர். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் தரையோடு தரையாக இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் திருகுவார். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். கொஞ்ச நேரம் கழித்து அதை அடைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். மதியத்துக்குள் அவர் பகுதியில் எல்லா வீட்டிலும் வாளி நிறைந்திருக்கும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "சாவிக்காரர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவர் மனைவியும் சமயத்தில் அப்படித்தான் கேட்பாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து வீட்டில் வைத்துத் துவைத்துக் கொடுப்பவள் அவள். சாவிக்காரர் வருவது மற்ற வீடுகளைவிட அந்த வீட்டுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

சாவி நல்ல கனம். சைக்கிள் பாரின் வலப்பக்கத்தில் அதைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். அது வண்டியை வலப்பக்கம் இழுக்கும். இவர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்காருவார். அவரும் சாவியும் இப்படி ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு நல்லபடியாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே குறை, சீட்டின் இடப்பக்கம் மட்டும் கிழிந்துகொண்டே வந்தது. அதனால்தான் மேஸ்திரியிடம் உறை கேட்டார்.

மேஸ்திரி கேட்டதை மேலே அனுப்பினார். கிடங்கில் சீட் உறை என்று ஒரு பொருளே கிடையாது என்றார்கள். அப்படியானால் இது பொருள் சம்பந்தப்பட்டது அல்ல, உட்காருவதில் உள்ள சிரமம் என்று ஒருவர் முடிவு செய்தார். சிரமம் என்றால் உடல்நலம் என்றார் இன்னொருவர். இப்படி ஏறி ஏறி, கோரிக்கை ஒரு பெரிய மேலதிகாரியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு கண்காட்சி பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே பந்தய வீரர்களை மேடையில் சைக்கிளோடு ஏற்றி, உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி, எந்த மூட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று கணினியில் காட்டினார்களாம். இதைக் குடிநீர்த் துறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் சீட் உறை வந்து விழுந்தது.

சவாரி நிலை ஆய்வுப் பிரிவு அப்படித்தான் பிறந்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருந்த பெரிய அறையைக் காலி செய்து பிரிவுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் பரிசோதனை நடைபாதைக்குப் போனது. ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், சென்சார் ஒட்டுவதற்கு உணரி ஒட்டுநர் என்ற புதிய பதவியில் ஒரு பெண், ஒரு வேன், வேனுக்கு ஓர் ஓட்டுநர். திறப்பு விழா முடிந்த பிறகுதான், அளப்பதற்குத் துறையில் எத்தனை சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மற்ற எல்லோரும் எப்போதோ மோட்டார் சைக்கிளுக்கு மாறியிருந்தார்கள். சாவிக்காரர் ஒருவர்தான் மிச்சம்.

உடனே பிரிவைக் கலைத்திருப்பார்களே என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எந்தத் துறையிலும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

"வாங்க, வாங்க," என்று தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். தனக்காக ஓர் அதிகாரி எழுந்து நின்று பார்த்திராத சாவிக்காரர், பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

"சீட் உறை விஷயமா கூப்பிட்டீங்கன்னு மேஸ்திரி சொன்னாருங்க ஐயா."

"உறையெல்லாம் இருக்கட்டும். உறைங்கறது வெறும் அறிகுறி. நாங்க நோயையே பாக்கறவங்க. உக்காருங்க. இல்ல இல்ல, நாற்காலியில இல்ல. சைக்கிள்ல."

சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் உருளை மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. ஒட்டுநர் அவரது கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு இடமாகச் சட்டைப் பொத்தான் அளவு சென்சார் வில்லைகளை ஒட்டினாள்.

"அண்ணே, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்," என்றாள்.

"பரவால்லம்மா."

துணைத் தலைவர் சைக்கிளைச் சுற்றி வந்து, பாரில் கட்டியிருந்ததைப் பேனாவால் தட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"சாவிங்க ஐயா. வால்வு திறக்கறது."

துணைத் தலைவர் கணினியில் தேடினார். ஹேண்டில் இருந்தது, பெடல் இருந்தது, தண்ணீர் பாட்டில் வைக்கும் இடம்கூட இருந்தது. சாவி இல்லை. "இதை அவுத்து வெளிய வெச்சிடுங்க," என்றார். "இல்லாத பாகத்தை வெச்சுக்கிட்டு அளந்தா கணக்கு தப்பாயிடும்."

சாவி வெளியே போனது. சாவிக்காரர் மிதித்தார். எதிரே திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு மனிதன் மிதித்தான். அவன் ஒரு காரணமும் இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தான். பார்க்கச் சாவிக்காரருக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

தலைவர் நீளமாக மூச்சை விட்டார். "பாத்தீங்களா? நீங்க இத்தனை வருஷமா சைக்கிள்ல உக்காந்ததே இல்ல. சாஞ்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. துறைக்குத் தெரியாம."

"சாவி அந்தப் பக்கம் இழுக்கும்ங்க ஐயா. அதனால நான் இந்தப் பக்கம்..."

"எந்தச் சாவி?" தலைவர் திரையைக் காட்டினார். "இதுல எங்க இருக்கு சாவி? நீங்களே சொல்லுங்க."

சாவிக்காரர் உற்றுப் பார்த்தார். உண்மையிலேயே இல்லை.

"அது போகட்டும். நீங்க மிதிக்கிறீங்க."

"ஆமாங்க."

"மிதிக்கக் கூடாது. உலகத்துல இப்ப யாரும் மிதிக்கிறதில்ல. மேல வரும்போது இழுக்கணும், பின்னால போகும்போது தள்ளணும். மொத்தத்துல ஒரு வட்டம். நீங்க போடறது வட்டமே இல்ல, நசுங்கின முட்டை." துணைத் தலைவர் திரையில் ஒரு நசுங்கின முட்டையைக் காட்டினார். சாவிக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் சீட்டை உயர்த்தினார்கள், ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், எல்லாத் திருகாணிகளின் மேலும் பிரிவின் முத்திரையை ஒட்டினார்கள். நிறுத்தினால் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. இனி வாரத்துக்கு ஒருமுறை அளவெடுப்பு, சான்று இருந்தால்தான் சைக்கிள், சைக்கிள் இருந்தால்தான் வால்வு வேலை என்று தலைவர் அன்பாகச் சொல்லி அனுப்பினார். சாவிக்காரர் சாவியை எடுத்துப் பழையபடி பாரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் திருப்பத்திலேயே வலப்பக்கமாக விழுந்தார். நேராக உட்கார்ந்திருந்தார் அல்லவா, அதனால்.

முழங்கையில் ரத்தத்தோடு திரும்பி வந்தவரைத் தலைவர் மறுபடியும் எழுந்து நின்று வரவேற்றார்.

"விழுந்தது சவாரியில சேராது," என்றார். "விழும்போது நீங்க சைக்கிள் மேல இல்ல. சைக்கிள் மேல இல்லாத ஆளோட நிலையை நாங்க எப்படி அளக்கறது? நியாயமா பாத்தா நீங்க சாலைப் பிரிவுக்குத்தான் போகணும். ஆனா ஒண்ணு சொல்றேன், ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். விழற வரைக்கும் உங்க முதுகு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் இத்தனை நாள் சர்வீஸ்ல அப்படி ஒரு முதுகைப் பாத்ததில்ல."

அவர் சர்வீஸில் வேறு முதுகு எதையும் பார்த்ததில்லை என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

சாவிக்காரர் கையைப் பிசைந்தார். "ஐயா, பழையபடி வெச்சுக் குடுத்துடுங்க. உறையும் வேணாம். இல்லன்னா மத்தவங்களுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள்..."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். துணைத் தலைவர் துணைத் தலைவராகவே ஓய்வு பெறும் வயதில் இருந்தார். ஒட்டுநர் வில்லைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். தலைவர் சாவிக்காரரின் தோளில் கை வைத்தார்.

"நாலு குடும்பம்," என்றார். "என்னையும் சேத்து நாலு குடும்பம் உங்க சைக்கிளை நம்பி இருக்கு. நீங்க மோட்டார் சைக்கிள்ல ஏறி ஜாலியா போயிடுவீங்க. நாங்க யாரோட முழங்காலை அளக்கறது? உங்க நன்மைக்காகத்தான் இந்தப் பிரிவே. அந்த நன்மையை நீங்க வேணாம்னு சொன்னா அது சுயநலம் இல்லையா?"

சாவிக்காரரை வாழ்நாளில் யாரும் சுயநலக்காரன் என்று சொன்னதில்லை. அவர் வெட்கப்பட்டார். மோட்டார் சைக்கிள் பேச்சை அதோடு விட்டார்.

சாவிப் பிரச்சினைக்குப் பிரிவு அந்த வாரத்திலேயே தீர்வு கண்டது. சைக்கிளில் சாவி இருப்பதால்தான் விழுகிறார். ஆகவே சைக்கிளில் சாவி இருக்கக் கூடாது. சாவியைப் பிரிவின் வேன் கொண்டுவரும். காலையில் சாவிக்காரர் முன்னால் நிமிர்ந்து போக, பின்னால் சாவி வேனில் தனியாக உட்கார்ந்து வந்தது. பாதி வால்வுகள் சந்துக்குள் இருந்தன, வேன் அதற்குள் நுழையாது. ஓட்டுநர் சந்து முனையிலேயே நிறுத்திவிடுவார். சாவிக்காரர் இறங்கி நடந்து வந்து, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், திறந்துவிட்டுத் திரும்ப வந்து வேனில் வைப்பார். முன்பு மதியத்துக்குள் முடிந்த வேலை இப்போது பாதித் தெருவோடு நின்றது.

தண்ணீர் வரவில்லை என்று மேஸ்திரியிடம் புகார் வர ஆரம்பித்தது.

"என்னய்யா, உன் பக்கம் மட்டும் இப்படி நாறுது?" என்றார் மேஸ்திரி.

"நேரா உக்காரச் சொல்லிட்டாங்கண்ணே."

"உக்காரு. யாரு வேணாம்னா? தண்ணியைத் தொறந்துட்டு உக்காரு."

"தொறக்கறதுக்கு எறங்கணுமேண்ணே."

மேஸ்திரி தலைவரைப் பார்க்கப் போனார். போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார். துறையின் அடுத்த திட்டத்தில் மேஸ்திரிகள் நிற்கும் நிலையை அளக்கப்போவதாகத் தலைவர் சொன்னாராம். அதற்குப் பிறகு மேஸ்திரி இந்த விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கை மரத்துப்போக ஆரம்பித்தது அப்போதுதான். ஹேண்டில் தாழ்ந்ததால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கைகளுக்கு வந்துவிட்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு அதற்கு அடுத்தது. காலையில் மரத்தால் மாலையில் சரியாகிவிடும். பிறகு மாலையிலும் சரியாகவில்லை. சாவியைத் திருகும்போது பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அளவெடுப்பில் அதைச் சொன்னார்.

ஒட்டுநர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். "வலி இருக்காண்ணே? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"வலி இல்லம்மா. மரத்துப் போகுது."

அவள் திரையில் மேலும் கீழும் தேடினாள். "மரத்துப் போறதுக்கு இடம் இல்லண்ணே. வலிதான் இருக்கு. வலிக்குதான்னா வலிக்குதுன்னு போடலாம்."

"வலிச்சா நல்லா இருக்கும்மா. வலிக்கலியே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூணுன்னு போடவா?"

சாவிக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். யோசித்தார். "இல்லாததை எப்படிம்மா போடறது?"

அவள் பூஜ்யம் என்று போட்டாள். போன மாதம் முதுகு வலிக்கு ஐந்து, அதற்கு அடுத்த வாரம் கை வலிக்கு மூன்று, இப்போது பூஜ்யம். துணைத் தலைவர் மூன்றையும் கோட்டால் இணைத்தார். கோடு அழகாகக் கீழே இறங்கியது. தலைவர் அதைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டச் சொன்னார்.

"ஒரு மனுஷனோட வலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கோம்," என்றார். "மருத்துவத் துறையால முடியாததைக் குடிநீர்த் துறை செஞ்சிருக்கு."

"ஆனா கை மரத்து..."

"அதான் சொல்றேனே. வலியே தெரியல பாருங்க."

வீட்டில் மனைவி அவர் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். பின்பக்கம் விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் குவிந்திருந்தன. தண்ணீர் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. ஒரு விடுதிக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இப்ப தெரியுதாங்க?" சுண்டுவிரலைக் கிள்ளினாள்.

"என்னது?"

"கிள்ளினேன்."

"அப்படியா?"

அவள் விரலை விட்டாள். "அந்த முத்திரையைப் பிச்சுப் போட்டுட்டுச் சீட்டை எறக்குங்க. நான் ஸ்பானர் எடுத்துட்டு வரேன்."

"நாலு குடும்பம்," என்றார் அவர்.

"நம்ம வீடு அஞ்சாவதா சேராதா?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு எதுவும் சட்டென்று வருவதில்லை. யாராவது ஏதாவது சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வதுபோல் கேட்டது.

அடுத்ததாக, சாலையிலும் அளக்கும் கருவி வந்தது. இடுப்பில் ஒரு பட்டை, ஹேண்டிலில் ஒரு சின்னப் பெட்டி. முதுகு வளைந்தால் ஒரு முறை கத்தும், தலை திரும்பினால் இரண்டு முறை கத்தும், இறங்கினால் மறுபடி ஏறும்வரை கத்திக்கொண்டே இருக்கும். முதல் வாரத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலைவர் அதிர்ந்துபோனார். நூற்றுக்குப் பதினொன்று. சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார். துணைத் தலைவர் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து பகுத்தாய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். சாவிக்காரர் சவாரி செய்யும் நேரமெல்லாம் மதிப்பெண் தொண்ணூறுக்கு மேல் இருந்தது. வால்வைத் திறக்க இறங்கும் இடங்களில்தான் அது பாதாளத்துக்குப் போனது. அதுவும் குனிந்து, காலை அகட்டி, இரண்டு கையாலும் சாவியைத் திருகுகிறாரே, அந்த நிலையைக் கணினியால் மனித நிலை என்றே அடையாளம் காண முடியவில்லை. அந்த இடங்களில் திரையில் சிவப்பாக, 'பயனர் கீழே விழுந்திருக்கலாம்' என்று வந்தது.

"வால்வுதான் பிரச்சினை," என்றார் துணைத் தலைவர்.

தலைவர் நெடுநேரம் யோசித்தார். மேலிருந்து ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. குழு திருப்திப்பட்டால் பிரிவு நிரந்தரமாகும். துணைத் தலைவருக்குக் கீழே ஓர் உதவித் தலைவர், இன்னொரு உருளை, பெரிய திரை. திருப்திப்படாவிட்டால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடைபாதையிலிருந்து திரும்ப வந்துவிடும்.

"ஒரு நாள்," என்றார் சாவிக்காரரிடம். "குழு வர்ற அன்னிக்கு ஒரே ஒரு நாள். உங்க வழக்கமான வழியிலயே போங்க. எல்லாத் தெருவுக்கும் போங்க. எறங்காதீங்க, அவ்வளவுதான்."

"எறங்கலன்னா தண்ணி?"

"தண்ணி நாளைக்கும் வரும். குழு நாளைக்கு வராது."

"முந்தாநாளும் எங்க பக்கம் தண்ணி வரலைங்க ஐயா. நேத்தும் வேன் ரிப்பேர்னு வரல."

"நீங்க ஒண்ணு கவனிக்கணும்." தலைவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தண்ணி கிடைக்கலன்னு புகார் சொல்ற மக்களுக்கு, தண்ணி தொறக்கறவர் எப்படி உக்காந்திருக்கார்னு தெரியுமா? தெரியாது. அவங்களுக்கு அக்கறை இல்ல. எங்களுக்கு இருக்கு. உங்களை ஒரு மனுஷனா பாக்கற ஒரே இடம் இதுதான்." திரையில் பச்சைக் கோட்டு மனிதன் நின்றுகொண்டிருந்தான். சாவிக்காரர் சரி என்றார்.

குழு வந்த அன்று நல்ல வெயில். குழுவின் கார் சாவிக்காரருக்குப் பின்னால் வந்தது, அதற்குப் பின்னால் பிரிவின் வேன். அன்று வேனில் சாவி இல்லை, சிற்றுண்டிப் பெட்டிகள் இருந்தன. சாவிக்காரர் நேராக உட்கார்ந்திருந்தார். கால்கள் வட்டம் போட்டன. கைகள் ஹேண்டில் மேல் இருந்தன. இருப்பதை அவ்வப்போது பார்த்து உறுதி செய்துகொண்டார்.

முதல் தெருவில் வாசலுக்கு வாசல் வாளியும் கேனும் வரிசையாக இருந்தன. அவரைப் பார்த்ததும் ஒரு வீட்டுக்காரர் உள்ளே திரும்பி, "வந்துட்டாரு, குழாயைத் தொற," என்று குரல் கொடுத்தார். சாவிக்காரர் அவரைக் கடந்து போனார். வால்வு மூடியையும் கடந்து போனார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் பெட்டி இரண்டு முறை கத்தும். திரும்பவில்லை.

இரண்டாவது தெருவில் ஒரு கிழவர் காலி கேனைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். "தம்பி, இங்க தம்பி, இங்கதான் மூடி," என்று வழி காட்டினார். புது ஆள் என்று நினைத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் சாவிக்காரராக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கார் ஒலி எழுப்பியது, கிழவர் ஒதுங்கிக்கொண்டார். காருக்குள் குழுவினர் தங்கள் கையில் இருந்த சின்னத் திரையில் பச்சைக் கோட்டு மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யாரும் இல்லாத வெளியில், யாரும் கூப்பிடாமல், அருமையாக மிதித்துக்கொண்டிருந்தான்.

சாவிக்காரரின் தெரு வந்தது. மனைவி வால்வு மூடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று மூடியை அவளே எப்படியோ நெம்பித் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் விரிப்பு மூட்டைகள், சோப்புத் தண்ணீர் கரைப்பதற்கான தொட்டி. கடைசியாக மிச்சமிருந்த விடுதிக்காரருக்கு அன்று மாலை விரிப்பு கொடுத்தாக வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஏங்க," என்றாள்.

அவர் பார்வையை முன்சக்கரத்துக்கு நேர் எதிரே வைத்திருந்தார். வட்டம், வட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, இங்க."

கடந்துவிட்டார். பெட்டி ஒரு முறைகூடக் கத்தவில்லை.

மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்று எட்டு. குழுத் தலைவர் சாவிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாவிக்காரர் குலுங்கும் தன் கையைப் பார்த்தார். "எப்படி உணர்றீங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார். சாவிக்காரர் உண்மையைச் சொன்னார்: "ஒண்ணும் தெரியலைங்க ஐயா." எல்லோரும் கைதட்டினார்கள். ஒட்டுநர் மட்டும் வில்லைகளை உரித்து எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிவு நிரந்தரமானது. சாவிக்காரருக்கு ஒரு சிற்றுண்டிப் பெட்டி கொடுத்தார்கள்.

மாலையில் வீட்டுக்குப் போனார். மனைவி அடுப்படியில் இருந்தாள். மூட்டைகள் பின்பக்கம் இல்லை. விடுதிக்காரர் அழுக்கோடு அப்படியே வாங்கிக்கொண்டு போயிருந்தார். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி ஏதோ கொதிக்க வைத்திருந்தாள்.

"என்னைப் பாத்தீங்களா, பாக்கலியா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"பாத்தேன்."

"சரி. எறக்கி வைங்க அதை, கொதிச்சுடுச்சு."

அவர் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். அவசரப்படவில்லை. சிந்தவில்லை. அவள் திரும்பினாள். பிடிதுணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோல் வெளுத்து, ஓரங்களில் சுருண்டிருந்தது.

"ஐயோ, என்னங்க இது," என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். குழாயைத் திருகினாள். அது ஒரு தடவை இருமியது. கொஞ்சம் காற்று வந்தது. இன்னும் திருகினாள், அதற்கு மேல் திருக முடியாத அளவுக்குத் திருகினாள்.

"பக்கத்து வீட்டுல கேக்கறேன்," என்றாள்.

"இருக்காது," என்றார் அவர். "எங்கயும் இருக்காது. இன்னிக்கு நான் யாருக்கும் தொறக்கல."

அவள் அப்படியே நின்றாள். அவளுக்குத்தான் அழுகை வந்தது. அவருக்கு அவள் அழுவது தெரிந்தது, ஏன் என்பதும் தெரிந்தது, வலிக்கவில்லை என்று சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்றும் தோன்றியது. சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்துத்தான் அவர் அதைத் தெரிந்துகொண்டார்.